பச்சையும் புழுங்கலும்

யாழ்ப்பாணத்து வீடுகளில் அரிசி என்பது ஒரு பொருளன்று, இரண்டு பொருள். பொங்கலுக்கும் மோதகத்துக்கும், கோயில் நைவேத்தியத்துக்கும், இடித்து மாவாக்கிப் பிட்டவிப்பதற்கும் இடியப்பம் பிழிவதற்கும் பச்சையரிசி. நாளாந்தம் மதியச் சோற்றுக்கு உலையிலிடுவது புழுங்கலரிசி. ஒரே வயலில், ஒரே நாளில், ஒரே அரிவாளால் அறுத்த நெல்லில் ஒரு பங்கு தீயைக் காணாமலே உரலுக்குச் செல்கின்றது. மறு பங்கு கிடாரத்தில் வெந்து, வெயிலிற் காய்ந்த பின்னரே செல்கின்றது. ஏன் இவ்வாறு என்று மூத்தோரைக் கேட்டால், "அது அப்படித்தான் தம்பி" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும்.

எதனைப் பச்சையாக உண்பது, எதனைத் தீயிலிட்டு உண்பது என்னும் இக்கேள்வி அடுப்படியோடு முடிந்துவிடும் சிறு கேள்வி என்று நாம் எண்ணுதல் கூடும். அதன் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், ஜாவாவின் சிறைச்சாலைகளும், ஒரு கோழிக்கூடும், மலாய் நாட்டு ஈயச் சுரங்கங்களும், கோலாலம்பூர்ப் பைத்தியசாலையும் அங்கே வந்து நிற்கின்றன. பல்லாயிரம் உயிர்கள் மாண்ட கதை அது. அக்கதையில் நமது புழுங்கலரிசிக்கும் ஓர் இடம் உண்டு என்பதே இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியது.

மனிதன் எப்போது சமைக்கத் தொடங்கினான் என்பதில் அறிஞரிடை இன்னும் வழக்கு உண்டு. ஹாவர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் றிச்சர்ட் றங்கம் 2009 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, சமைத்த உணவே மனிதனின் பல்லையும் குடலையும் சிறிதாக்கி மூளையைப் பெரிதாக்கியது என்று வாதிடுகின்றார். அதனை ஏற்பாரும் உளர், மறுப்பாரும் உளர். நாம் அவ்வளவு பழங்காலத்துக்குச் செல்லப் போவதில்லை. நம் பாட்டன்மார் காலத்து நிகழ்ச்சிகளே நமக்குப் போதும்.

தீயை முற்றாக விலக்கிப் பார்த்தவர்களுள் நம்மவர் நன்கறிந்த ஒருவர் மகாத்மா காந்தி. 1927 ஆம் ஆண்டு நவம்பரில் யாழ்ப்பாணத்து மாணவர் அழைப்பை ஏற்று இங்கு வந்து பேசிய காந்தியடிகள், அதற்கு ஒன்றரை ஆண்டு கழித்து ஒரு விநோதமான சோதனையில் இறங்கினார். 1929 ஆம் ஆண்டு கோடையில் ஆந்திர தேசத்திற் சுற்றுப் பயணம் செய்தபோது, ராஜமகேந்திரவரத்து இயற்கை வைத்தியர் ஒருவரின் தூண்டுதலால் சமைத்த உணவை விட்டார். முளைவிட்ட கோதுமை, அரைத்த வாதுமைப் பருப்பு, பச்சை இலைகள், எலுமிச்சை, தேன் ஆகியவையே அவர் உணவாயின. தமது "யங் இந்தியா" ஏட்டில் அதனைப் பற்றி எழுதவும் செய்தார். ஆச்சிரமத்தாருள் வேறு சிலரும் அவரைப் பின்பற்றினர். ஆகஸ்டு மாதத்தில் வயிற்றுளைவு கண்டு சோதனை நின்றது. இஃது அவருக்கு முதற் சோதனையுமன்று. 1893 ஆம் ஆண்டில், இருபத்து மூன்று வயது இளைஞராகப் பிரிட்டோரியா நகரில் இருந்தபோதே, ஊறவைத்த கோதுமையும் பழமும் கொட்டையும் தின்று பார்த்துச் சில நாட்களிற் கைவிட்டவர் அவர். ஆயினும் பச்சை இலை சிறிதளவேனும் நாளும் உணவிற் சேர வேண்டும் என்ற கொள்கையை அவர் பின்னரும் விட்டாரில்லை. தோல்வியை மறைக்காமல் அச்சிட்டு வெளியிட்டவர் என்பதனாலேயே அவர் சோதனை நமக்குப் பயன்படுகின்றது. தாம் கண்டதே முடிந்த முடிபு என்று கூறித் திரியும் உணவுச் சீர்திருத்தக்காரர் எந்நாட்டிலும் பலர்.

அதே 1929 ஆம் ஆண்டின் இறுதியில், மருத்துவத்துக்கான நோபல் பரிசின் ஒரு பாதி கிறிஸ்தியான் ஐக்மன் என்னும் ஒல்லாந்த வைத்தியருக்கு வழங்கப்பட்டது. நோயுற்றிருந்த அவர் பரிசு பெறச் சுவீடனுக்குப் போகவும் இயலவில்லை. மறு ஆண்டே இறந்தார். அவர் பரிசு பெற்றது அரிசியைப் பற்றிய ஆராய்ச்சிக்காக. இன்னும் நுட்பமாகச் சொன்னால், கோழிக்கு இட்ட சோற்றைப் பற்றிய ஆராய்ச்சிக்காக.

பெரிபெரி என்றொரு நோய் இருந்தது. இப்பெயர் நமது தீவுக்கே உரியது. "இயலாது" என்னும் பொருள்படும் "பெரி" என்ற சிங்களச் சொல்லின் இரட்டிப்பே இஃது என்று அகராதிகள் கூறும். 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிற் பணிபுரிந்த தோமஸ் கிறிஸ்தி என்ற ஆங்கில வைத்தியர், இங்கிருந்த படையினரிடை இந்நோய் கண்டமையை எழுதி வைத்துள்ளார். கால் முதலில் மரத்துப் போகும். பின் நடை தள்ளாடும். கை கால் சூம்பும், அல்லது உடல் முழுதும் நீர் கோத்து வீங்கும். முடிவில் நெஞ்சு அடைத்து உயிர் போகும். காலையில் வேலைக்குச் சென்றவன் மாலையிற் பிணமாகக் கிடப்பதும் உண்டு. கீழைத் தேசமெங்கும் படை முகாம்களிலும் சிறைகளிலும் கப்பல்களிலும் சுரங்கங்களிலும், அதாவது பிறர் அளந்து போடும் சோற்றை மனிதர் உண்ண நேர்ந்த இடங்களில், இது கூட்டங் கூட்டமாக ஆட்களைக் கொன்றது. கிருமிகளைக் கண்டுபிடித்துப் பெயர் வாங்கிய காலம் அது. ஆகவே எல்லோரும் கிருமியையே தேடினர்.

ஐக்மனும் கிருமியைத் தேடியே பத்தாவியாவில் ஆய்வு கூடம் அமைத்தார். 1889 ஆம் ஆண்டளவில் அவருடைய ஆய்வுகூடக் கோழிகள் காரணமின்றிக் கால் தளர்ந்து விழத் தொடங்கின. மருந்தூசி போட்ட கோழியும் விழுந்தது, போடாத கோழியும் விழுந்தது. சில மாதங்களில் நோய் தானாகவே மாயமாக மறைந்தது. விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. கோழி பராமரித்தவன் தீனிக் காசை மிச்சம் பிடிக்க, இராணுவ வைத்தியசாலைச் சமையலறையில் எஞ்சிய தீட்டிய வெள்ளையரிசிச் சோற்றை வாங்கிப் போட்டு வந்திருக்கின்றான். புதிதாக வந்த சமையற்காரனோ, படையினர்க்குரிய சோற்றைப் பொதுசனக் கோழிகளுக்குக் கொடுப்பதா என்று மறுத்து விட்டான். தவிடு நீங்காத மலிவரிசிக்குக் கோழிகள் மாறின, எழுந்து நடந்தன. அந்தச் சமையற்காரனுடைய பெயரை எவரும் குறித்து வைக்கவில்லை.

ஜாவாச் சிறைகளை மேற்பார்த்த வோடர்மன் என்ற வைத்தியர் இதனைக் கேட்டு, 1896 ஆம் ஆண்டளவில் 101 சிறைகளின் கணக்கை எடுத்தார். தீட்டிய வெள்ளையரிசி வழங்கிய 51 சிறைகளுள் 36 இல் பெரிபெரி இருந்தது. தவிட்டோடு கூடிய அரிசி வழங்கிய 37 சிறைகளுள் ஒன்றில் மட்டுமே இருந்தது. இதற்குப் பின்னும் ஐரோப்பிய வைத்தியர் பலர் நம்பினாரில்லை. உண்ணும் ஒன்றால் நோய் வரும் என்பதை ஏற்கலாம். உண்ணாத ஒன்றால் நோய் வரும் என்பதை மனம் எளிதில் ஏற்பதில்லை அன்றோ? ஐக்மன் தாமே, அரிசியின் மாவில் ஒரு நஞ்சு உண்டு, தவிட்டில் அதற்கு மாற்று உண்டு என்றுதான் முதலில் எண்ணினார். குறைவே நோய் என்று 1901 ஆம் ஆண்டில் தெளிவாக எழுதியவர் அவருக்குப் பின் அங்கு பணியேற்ற கிறைன்ஸ் என்பவர்.

இனி மலாய் நாட்டுக்கு வருவோம். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலாய் நாட்டுக்குக் கப்பலேறாத குடும்பம் யாழ்ப்பாணத்தில் எத்தனை? புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் எழுதுவினைஞராய் அமர்ந்தவர்களுட் பெரும்பாலார் நம்மைப் போலவே மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலம் பயின்றவர்கள். "மலாயன் பென்சனியர்" என்ற தொடர் இன்றும் நம்மூர்ப் பெரியோர் வாயில் வழங்குகின்றது. அவர்களோடு, அவர்களிலும் பன்மடங்கு எண்ணிக்கையிலே, தென்னிந்தியத் தொழிலாளர் தோட்டங்களிலும் தண்டவாளங்களிலும் பாடுபட்டனர். சீனர் ஈயச் சுரங்கங்களில் உழைத்தனர். மலாயர் தத்தம் கம்பங்களில் நெல் விளைவித்தனர்.

மூவரும் சோறுண்ணும் மக்களே. எனினும் பெரிபெரி சீனரையே ஆயிரக்கணக்கில் வீழ்த்தியது; மலாயரைப் பெரிதும் தீண்டவில்லை; தமிழரையும் தீண்டவில்லை. நெகிரி செம்பிலானில் வைத்திய அதிகாரியாயிருந்த பிறாடன் என்பவர் இதனை ஆண்டுக் கணக்காகக் கவனித்து, 1907 ஆம் ஆண்டில் ஒரு பெருநூலாக வெளியிட்டார். சீனத் தொழிலாளர் உண்டது சீயத்திலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய பச்சையரிசி. மலாயர் உண்டதும் பச்சையரிசியே. ஆனால் அவ்வப்போது வீட்டில் உரலிற் குற்றியது. தமிழர் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி, அதுவும் ஆலையரிசியே. பச்சையும் ஆலையும் ஒன்று சேர்ந்த இடத்தில் மட்டும் சாவு நின்றது. பச்சையை உரலிற் குற்றினாலும் தப்பலாம், புழுக்கி ஆலைக்குக் கொடுத்தாலும் தப்பலாம். இந்த நுட்பத்தை மறந்து, "பச்சையரிசி கெட்டது, புழுங்கலரிசி நல்லது" என்று மொட்டையாகச் சொல்வோர் உளர், அது பிழை. பிறாடன் கண்ட காட்சி சரியானது. கூறிய காரணம் சரியன்று. பச்சையரிசி பழசாகும்போது அதில் ஏதோ நச்சுப் பூஞ்சணம் பிடிக்கின்றது என்று அவர் நம்பினார்.

கோலாலம்பூர்ப் பைத்தியசாலையில் பிளெச்சர் என்னும் வைத்தியர் செய்த சோதனை இன்று வைத்திய வரலாற்று நூல்களிற் பேசப்படுவது. 1905 ஆம் ஆண்டு டிசம்பரில், அங்கிருந்த நோயாளரை வரிசையாக நிறுத்தி எண் கொடுத்தார். ஒற்றை எண்காரருக்குச் சீயத்துப் பச்சையரிசி. இரட்டை எண்காரருக்கு இந்தியப் புழுங்கலரிசி. புதிதாக வந்தோரும் இவ்வாறே மாறி மாறிச் சேர்க்கப்பட்டனர். ஓராண்டு முடிவில் இருபுறமும் ஏறத்தாழ 120 பேர். பச்சையரிசி உண்டோருள் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கலரிசி உண்டோருள் ஒருவரும் மாளவில்லை. கணக்கு மறுக்க முடியாதது. ஆனால் அந்தப் பதினெட்டுப் பேரிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்ல வல்லவர்களாய் அவர்கள் இருக்கவுமில்லை. இன்றைய வைத்திய நெறி அத்தகைய சோதனைக்கு இடங் கொடாது. பச்சையா புழுங்கலா என்ற கேள்விக்கு உலகம் பெற்ற மிகத் தெளிவான விடைகளுள் ஒன்று இந்த விலைக்கு வாங்கப்பட்டது என்பதை நாம் மறத்தல் ஆகாது. மிஷன் பாடசாலையில் நாம் கற்ற சுகாதாரப் பாடத்தில் கடற்படை வைத்தியர் லிண்டின் பெயர் இருந்தது. கோலாலம்பூரின் பெயர் இருக்கவில்லை.

அதற்குப் பின் பிறேசர், ஸ்ரான்ரன் என்னும் இருவர், நெகிரி செம்பிலான் காட்டில் வீதி அமைத்துக் கொண்டிருந்த சுமார் 300 ஜாவாத் தொழிலாளரை இரு கூட்டமாக்கி இதே அரிசிகளைக் கொடுத்துப் பார்த்தனர். மூன்று மாதத்துக்குள் பச்சையரிசிக் கூட்டத்தில் நோய் தலைகாட்டியது. அரிசியை மாற்றினர்; நோயும் இடம் மாறியது. தீட்டும்போது கழிக்கப்படும் பகுதியிலேதான் உயிரைக் காக்கும் பொருள் ஒன்று உண்டு என்று 1909 ஆம் ஆண்டில் அவர்கள் எழுதினர். 1912 ஆம் ஆண்டில் கசிமிர் பங் இத்தகைய பொருள்களுக்கு "விற்றமின்" என்ற பெயரை இட்டார். 1926 ஆம் ஆண்டில் ஐக்மனின் பழைய பத்தாவியா ஆய்வுகூடத்திலேயே ஜான்சன், டொனாத் இருவரும் அதனைத் தவிட்டிலிருந்து பளிங்காகப் பிரித்தெடுத்தனர். இன்று நாம் தையமின் என்றும், உயிர்ச்சத்து பீ-1 என்றும் வழங்குவது அதனையே.

இனி நெல்லவிக்கும் முற்றத்துக்கு வருவோம். முதல்நாள் நெல்லைத் தண்ணீரில் ஊறவைப்பர். மறுநாள் கிடாரத்திலிட்டு உமி வெடிக்கும் வரை அவிப்பர். பின் பாயிற் பரப்பி, காகம் குருவி அண்டாமற் சிறு பிள்ளையொன்றைக் காவலிருத்தி, வெயிலும் நிழலுமாகக் காயவிடுவர். கடு வெயிலில் ஒரேயடியாகக் காய்ந்தால் குற்றும்போது அரிசி நொறுங்கும் என்பது அவர்கள் அறிந்தது. உள்ளே நிகழ்வது இது. தையமின் நெல்லின் முளையிலும் தவிட்டிலும் தங்கியிருப்பது, நீரிற் கரைவது. ஊறும்போதும் அவியும்போதும் அது நீரோடு அரிசியின் நடுவுக்குள் இறங்குகின்றது. வெப்பத்தால் அரிசியின் மாச்சத்துக் களியாகிப் பின் காய்ந்து இறுகும்போது உள்ளே இறங்கியது அங்கேயே பூட்டப்படுகின்றது. பிறகு ஆலைக்காரன் தவிட்டை எவ்வளவு சுரண்டினாலும் பூட்டிய பெட்டியைத் திறக்க மாட்டான். தீ பொதுவாக உயிர்ச்சத்துகளை அழிப்பது. தையமினையும் ஓரளவு அழிப்பதே. இங்கோ அழிப்பதிலும் மிகுதியாகக் காத்துக் கொடுக்கின்றது.

இந்தியாவிலும் இவ்வேறுபாடு தேசப்படத்திற் கோடு கிழித்தாற்போல நின்றது. குன்னூரில் ஆராய்ந்த மக்காரிசன் என்னும் வைத்தியர் 1920 களில் காட்டியபடி, அக்காலச் சென்னை மாகாணத்தில் பெரிபெரி நிலைத்திருந்தது வடக்கே தெலுங்குக் கரையோர மாவட்டங்களில். அங்கே ஆலையிற் தீட்டிய பச்சையரிசியே உணவு. புழுங்கலரிசி உண்ட தெற்கு மாவட்டங்களில் நோய் காணப்படவில்லை. காந்தியடிகள் பச்சையுணவைத் தொடங்கத் தூண்டுதல் பெற்ற ராஜமகேந்திரவரம் அந்தத் தெலுங்குக் கரையிலேயே இருப்பது தற்செயலானதே. எனினும் நம் கவனத்தைக் கவர்கின்றது.

இவ்விடத்தில் நம் சங்கத்து இளைஞர் சிலர், "பார்த்தீர்களா, உயிர்ச்சத்தை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்" என்று எழுந்து நிற்பர் என்பதை நாம் அறிவோம். மேடைகளில் இத்தகைய பேச்சுக்குக் கைதட்டும் உண்டு. நாம் அதற்கு உடன்படோம். நெல்லை அவித்தவர் அவித்ததற்குரிய காரணங்கள் வெளிப்படையானவை. அவித்த நெல்லின் உமி எளிதிற் கழலும். உலக்கை போடுபவளின் தோளுக்கு அது தெரியும். அவித்த அரிசி உடையாது, குறுநொய் குறையும். நெடுநாள் வைத்தாலும் வண்டு எளிதிற் பற்றாது. சோறு குழையாது, தண்ணீர் ஊற்றி வைத்தால் மறுநாட் பழஞ்சோறும் நன்றாயிருக்கும். இவற்றுக்காகவே அவித்தனர். பெரிபெரியிலிருந்து தப்பியது அவர்கள் நினையாத ஊதியம். ஆலை இல்லாத காலத்தில் அந்த ஊதியம் தேவைப்படவும் இல்லை. உரலிற் குற்றிய பச்சையரிசியும் போதிய தவிட்டை வைத்திருந்தது. நீராவி ஆலை வந்த பின்னரே பழைய வழக்கம் ஒரு கேடயமாயிற்று. வரலாற்றை உள்ளபடி சொன்னால் முன்னோர்க்குப் பெருமை குறைந்துவிடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பச்சையரிசிக்கு நம் சமுதாயம் கொடுத்த உயர்விடம் தூய்மை பற்றியது. புழுங்கலரிசி முன்னரே ஒருமுறை வெந்தது. வேறொருவர் அடுப்பில், வேறொருவர் தண்ணீரில் வெந்தது. ஆகவே அது சமைத்த உணவையொத்தது என்று கருதித் தென்னாட்டில் ஆசாரம் மிக்கோர் அதனை விலக்கினர். தொட்ட கை யாருடையது என்ற கணக்கு இவ்வாறு அரிசிக்குள்ளும் புகுந்து கொண்டது. நெல்லவித்த கைகள் பெரும்பாலும் எளிய பெண்களின் கைகள். அவர்கள் அவித்ததை இழிவென்று ஒதுக்கி, ஆலைப் பச்சையரிசியின் வெண்மையை உயர்வென்று விரும்பியோர் இழந்தது என்னவென்பதை மேலே கண்டோம். தெய்வத்துக்குப் பச்சையரிசி படைப்பதில் எவர்க்கும் தீங்கில்லை. மனிதர்க்கு மனிதர் தூய்மை அளப்பதிலேதான் தீங்கு.

புழுங்கலரிசி வாங்கிவிட்டோம் என்று ஓய்ந்திருக்கவும் இயலாது. நீரிற் கரையும் சத்தாகையால், பச்சையரிசியை ஐந்தாறு முறை கழுவிக் கஞ்சியையும் வடித்துக் கொட்டினால் எஞ்சியிருந்த சிறிதும் போய்விடும். புழுங்கலில் இழப்புக் குறைவு, ஆனால் இழப்பு உண்டு. வடித்த கஞ்சியில் உப்பிட்டுத் தேங்காய்ப்பால் விட்டுக் குடிக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருந்தது. தேநீர் அதன் இடத்தைப் பிடித்துக் கொண்டது.

அரிசியிற் கண்ட இதே இரட்டை வழியைப் பனையிலும் காணலாம். நிலத்திற் புதைத்த பனங்கொட்டை முளைத்துக் கிழங்காகின்றது. கிழங்கைப் பச்சையாகவே பிளந்து காயவிட்டால் ஒடியல். அவித்துப் பிளந்து காயவிட்டால் புழுக்கொடியல். புழுக்கொடியலைத் தேங்காய்ச் சொட்டோடு கடித்துத் தின்னாத பிள்ளை யாழ்ப்பாணத்தில் இராது. ஒடியலோ மாவாக இடிபட்டு, பிட்டாகவும் கூழாகவும் மீண்டும் அடுப்புக்கே வருகின்றது. அதற்கு முன் மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, கசப்பு இறங்க அந்த நீரை வடித்து ஊற்றுவது நம் பெண்கள் கைவிடாத முறை. 1850 ஆம் ஆண்டில் பனையைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதிய வில்லியம் பேர்கசன் முதலானோர் இம்மரத்தின் பயன்களை அடுக்கி வியந்தனர். ஆனால் 1971 ஆம் ஆண்டில், பனங்கிழங்கு மாவை உணவாகக் கொடுத்த எலிகளின் ஈரல் கேடுற்றதைப் பேராதனை ஆய்வாளர் வெளியிட்டபோது பலர் திடுக்கிட்டனர். கூண்டில் நாள்தோறும் அம்மாவையே உண்ட எலி வேறு. மழை நாளில் மீனும் பயிற்றங்காயும் இட்ட கூழை ஒரு பிளாவில் குடிக்கும் மனிதர் வேறு. அது கண்டு பனையைத் தூற்ற வேண்டியதில்லை. ஊறவைத்து வடித்தலும் நன்றாக வேகவைத்தலும் வீண் வேலை என்று இனி ஒருவரும் சொல்லாதிருந்தாற் போதும்.

மரவள்ளிக்கிழங்கில் ஐயத்துக்கே இடமில்லை. தென்னமெரிக்காவிற் பிறந்த இக்கிழங்கு, 1786 ஆம் ஆண்டில் ஒல்லாந்தத் தேசாதிபதி வான் டி கிராவ் காலத்தில் மொரீசியசிலிருந்து இலங்கைக்கு வந்தது என்பர். 1970 களின் முற்பகுதியில் அரிசியும் மாவும் தட்டுப்பட்ட நாட்களில் ஏழைகளின் வயிற்றை நிரப்பியது அதுவே. அதனுள் லினமரின் என்றொரு பொருள் உண்டு. கிழங்கை வெட்டும்போதும் நசுக்கும்போதும் அது சிதைந்து ஐதரசன் சயனைட்டு என்னும் கொடிய நஞ்சை விடுகின்றது. பச்சையாகத் தின்று மாண்டவர்கள் உண்டு. தோலை நீக்கி, துண்டாக்கி, நிறைந்த நீரில், சட்டியை மூடாமல் அவித்து, நீரை வடிக்க வேண்டும் என்று நம் வீடுகளிற் சொல்வர். அந்நஞ்சு 26 பாகை வெப்பத்திலேயே ஆவியாவது. நம் நாட்டு நண்பகல் அதனிலும் சூடு. மூடியைத் திறந்து வைத்தவள் அதன் இரசாயனப் பெயரை அறியாள். ஆனால் ஆவிக்கு வழிவிட்டாள். இஞ்சி சேர்த்து உண்ணக் கூடாது என்ற விதியும் அதனோடு வழங்குகின்றது.

இவ்வளவும் தீயின் புகழ். பச்சையின் பக்கத்திலும் பெரிய சான்று ஒன்று உண்டு; அதுதான் நாம் மேலே பெயர் சொன்ன லிண்டின் கதை. 1747 ஆம் ஆண்டில் "சோல்ஸ்பரி" என்னும் போர்க்கப்பலில், பல் ஈறு அழுகி விழும் ஸ்கேவி நோய் பற்றிய பன்னிரு மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஆறு வகை மருந்து கொடுத்தார். தோடம்பழமும் எலுமிச்சையும் பெற்ற இருவரே விரைவில் தேறினர். அப்பழங்களில் இருந்த உயிர்ச்சத்து சீ நீரிலும் கரையும், தீயிலும் அழியும். நெல்லுக்கு அருள் செய்த அதே தீ இங்கே கேடு செய்கின்றது. ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே விதி கூறுவோர், பச்சையே உண்க என்பாராயினும், எல்லாவற்றையும் வேகவைக்க என்பாராயினும், ஒரு பொருளைக் கண்டு மற்றப் பொருளைக் காணாதவர்கள்.

நம் வீடுகளில் முருங்கையிலை வேகின்றது; வல்லாரை வேகுவதில்லை. வல்லாரையை நன்றாகக் கழுவி, மெல்லிதாக அரிந்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்துத் தேசிக்காய் பிழிந்து சம்பலாக்குகின்றோம். கழுவுதல் இதில் முக்கியமானது. அழுக்கு நீர் பட்ட இலையைப் பச்சையாகத் தின்றால் வயிற்றுளைவும் புழுவும் நெருப்புக் காய்ச்சலும் வரும். நோயாளிக்கும் பிரயாணிக்கும் வெந்த கீரையே தகும்.

சொதி வைப்பவரைக் கவனித்தாலும் ஒன்று புலப்படும். தேங்காய்ப்பால் கொதி கண்டதும் சட்டியை அடுப்பிலிருந்து இறக்குகின்றார். சிறிது ஆறவிட்டு, அதன் பின்னரே தேசிக்காயைப் பிழிகின்றார். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் என்ன என்று கேட்டால், பால் திரைந்துவிடும், சொதி கசக்கும் என்பதே விடை. உயிர்ச்சத்து சீ பற்றி அவர் ஒன்றும் சொல்வதில்லை. ஆயினும் கொதிக்கும் சட்டியில் அழிந்திருக்கக் கூடிய அச்சத்தின் பெரும் பகுதி, அவர் இறக்கி வைத்த சொதியோடு நம் புழுங்கலரிசிச் சோற்றுக்கு வந்து சேர்கின்றது.